பதினாலாம் நம்பர் கட்டில்

அத்தியாயம் 11

போன வாரம் பெரியவன் ஒரு விமான நிலையத்துக் காபிக் கடையில் நின்றபடி, அப்பாவை மறதிப் பிரிவுக்கு மாற்றச் சம்மதம் என்று செல்போன் திரையில் கட்டைவிரலை வைத்தான். அதற்கு நான்கு விநாடி பிடித்தது. காபி வர ஆறு நிமிடம் ஆனதைப் பற்றிக் குடும்பக் குழுவில் தனியாக எழுதியிருந்தான்.

அவன் யோசிக்காமல் செய்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவனிடம் கோடு இருந்தது.

அப்பா தங்கியிருந்த முதியோர் இல்லம் ஆறு மாதத்துக்கு முன்பு காகிதத்தைக் கைவிட்டுக் கணினிப் பதிவுக்கு மாறியது. மாறிய கையோடு பிள்ளைகளுக்கு ஒரு செயலியையும் கொடுத்தது. அப்பா எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார், எத்தனை கிலோ இருக்கிறார், காலை ஏழு மணி ரவுண்டில் கேட்கும் ஐந்து கேள்விகளில் எத்தனைக்குச் சரியாகப் பதில் சொன்னார், எல்லாம் கோடு கோடாக வந்துவிடும். ஒரு வாரமாக அத்தனை கோடும் மாடிப்படியில் உருண்ட சொம்பு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன. ஏழு நாள் தொடர்ந்து ஐந்துக்கு மூன்றுக்குக் கீழே போனால் மறதிப் பிரிவு என்பது இல்லத்தின் விதி. கணினியே பரிந்துரைத்தது. டாக்டர் திரையைப் பார்த்து ஆமோதித்தார். பெரியவன் விரலை வைத்தான்.

"மனுஷன் பொய் சொல்லுவான். கோடு பொய் சொல்லாதும்மா," என்றான் தங்கையிடம். அவன் நிர்வாக ஆலோசகன். கம்பெனிகளுக்குப் போய், அவர்கள் ஏற்கெனவே எடுத்த முடிவை அவர்களுக்கே விளக்கிச் சொல்லிவிட்டு வருவது தொழில். அப்பாவின் பொறுப்பாளர் என்று பதிவில் இருப்பதும் அவன்தான். படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.

தங்கைக்குத் தையல் கடை. அவளைப் பொறுத்தவரை கோடு என்பது துணியில் சாக்கட்டியால் போடுவது. ஆனால் இந்த முறை அவளும் செயலியை நம்பிவிட்டாள். பள்ளிச் சீருடை சீசன். தலைக்கு மேல் வேலை. பன்னிரண்டு நாளாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் எடை அறுபத்தெட்டிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டதைத் திரையில் பார்த்தவள், அலமாரியில் இருந்த அவருடைய ஆறு சட்டைகளையும் எடுத்து, பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். ஆளைப் பார்க்காமல் அவள் அளவு வைத்தது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த ஆறு சட்டைகளுடன் இல்லத்துக்குப் போய் இறங்கினாள். அப்பாவை மாற்றுவது மாலை மூன்று மணிக்கு.

வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'காகிதமில்லா இல்லம்: மதிப்பீட்டுக் குழுவினரை வரவேற்கிறோம்.' வருகிறவர்களுக்குக் கொடுக்க, அதே வாசகத்தை வழவழப்பான அட்டையில் இருநூறு பிரதி அச்சடித்து மேஜைமேல் அடுக்கியிருந்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், வருகைப் பதிவுக்கான திரையை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு அட்டைகளில் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை நீட்டினாள்.

"இதுல பேர் எழுதுங்க மேடம். அப்புறமா ஏத்திக்கறேன்."

*

இரண்டு கட்டில் போட்ட அறை. பதினாலாம் நம்பர் கழிவறைப் பக்கம். பதினைந்தாம் நம்பர் ஜன்னல் பக்கம். ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் ஸ்டாப்.

அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், முகம் முழுக்க நுரையோடு. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அவருக்கு முன்னால் நின்று, ஒரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து, சேஃப்டி ரேசரால் இழுத்துக்கொண்டிருந்தார் அறைத் தோழர். முப்பது வருஷம் சலூன் வைத்திருந்தவர். ஒல்லியான மனிதர். இல்லத்தில் எல்லோருக்கும் அவர் சலூன்காரர்தான். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது பத்து மணிக்கெல்லாம் அவருக்கு மறந்துபோகும். கை மட்டும் ஒரு மயிரிழைகூடத் தவறாது.

"வாம்மா. சீருடை முடிஞ்சுதா?"

"இன்னும் நாப்பது பாவாடை பாக்கிப்பா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"பதினெட்டாம் நம்பர் பஸ் இன்னைக்கும் ஏழு நிமிஷம் லேட்டு. மத்தபடி நல்லா இருக்கேன்."

பத்துக் கிலோ இளைத்தவர் இவ்வளவு தெம்பாகப் பேசுவது அவளுக்கு இடித்தது. நுரையைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம் ஒரு சட்டையை நீட்டினாள்.

கை நுழைந்தது. அதற்கு மேல் விவகாரம் ஆரம்பித்தது.

"என்னம்மா இது, பேரனோடதா?"

"உங்களோடதுதான். மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகுப் பக்கம் வந்துடும்."

மேல் பொத்தான் இரண்டு வேண்டாவெறுப்பாக மாட்டின. மூன்றாவது தெறித்து, கட்டிலுக்கு அடியில் ஓடியது. அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். முப்பத்தெட்டு. போன சித்திரையில் முப்பத்தெட்டு, போன வருஷமும் முப்பத்தெட்டு. செல்போனைத் திறந்து பார்த்தாள். ஐம்பத்தெட்டுக் கிலோ என்று சிவப்பில் காட்டியது. பக்கத்தில் அப்பாவின் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தலை. புகைப்படத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பு யாரோ விட்டிருந்தார்கள்.

"அந்தச் சட்டை உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுக்கறீங்களா?" என்றார் சலூன்காரர், கூச்சத்தோடு.

வாங்கிப் போட்டுக்கொண்டார். அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

அவள் சட்டையைப் பார்த்தாள். கட்டில்களைப் பார்த்தாள். கையில் கட்ட வேண்டிய அடையாளப் பட்டைகள் இரண்டும் கட்டில் கம்பிகளில் கட்டியிருந்தன. கழிவறைப் பக்கத்துக் கட்டிலின் பட்டையில் அப்பாவின் பெயர் இருந்தது.

*

இரண்டு சின்னக் கிண்ணங்களில் மாத்திரையோடு சிஸ்டர் உள்ளே வந்தார். இல்லத்தின் மூத்த நர்ஸ். அப்பாவுக்கு ஒரு கிண்ணம், சலூன்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தார். பிறகு கையிலிருந்த டேப்லட்டை ஒவ்வொரு கட்டில் கம்பியாகக் காட்டினார். அது பீப் என்றது.

"சிஸ்டர், எங்கப்பா பத்துக் கிலோ இளைச்சுட்டாருன்னு இதுல இருக்கே?"

சிஸ்டர் கதவைப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "உங்கப்பா இளைக்கலை மேடம். கட்டில்தான் இளைச்சிருக்கு," என்றார்.

விஷயம் இதுதான். பட்டையைக் கையில் கட்டினால் அரிக்கிறது என்று பாதிப் பேர் அவிழ்த்துப் போட்டார்கள். மீதிப் பேர் குளிக்கும்போது நனைத்துக் கிழித்தார்கள். பட்டை இல்லாமல் டேப்லட் பீப் சொல்லாது. பீப் சொல்லாவிட்டால் வேலை செய்ததாகக் கணக்கில்லை. அதனால் இல்லம் முழுக்கப் பட்டைகள் கட்டில் கம்பிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டில்களுக்கு அரிப்பதில்லை. காலை ரவுண்டுக்கும் எடை பார்ப்பதற்கும் ஏஜென்சியிலிருந்து வாரத்துக்கு ஒரு புதுப் பெண் வருவாள். கம்பியை ஸ்கேன் செய்வாள், கேள்வியைத் திரையில் பார்த்துப் படிப்பாள், பதிலைத் திரையில் குத்துவாள், போய்விடுவாள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு, ஜன்னல் பக்கம் வேண்டும் என்று அப்பா கேட்டு, அவரும் சலூன்காரரும் கட்டில் மாற்றிக்கொண்டார்கள். கட்டிலுக்கு அது தெரியாது.

அதில் ஒரு கொடுமை. 'உங்க பேர் என்ன?' என்பது முதல் கேள்வி. பதினாலாம் கட்டிலில் இருந்த சலூன்காரர் தினமும் தன் பெயரைத்தான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். திரையில் இருந்ததோ அப்பாவின் பெயர். சொந்தப் பெயர்கூட மறந்துவிட்டது என்று அதற்கும் ஒரு பூஜ்யம் விழுந்தது.

"அப்ப மருந்தெல்லாம்?" அவள் கிண்ணங்களைப் பார்த்தாள்.

"மருந்து குடுக்கறது முகத்தைப் பாத்து மேடம். ஸ்கேன் பண்றதுதான் கட்டிலைப் பாத்து. இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல ஆள் மாத்தி ஒரு மாத்திரை குடுத்ததில்லை நான்." சிஸ்டர் நிமிர்ந்து நின்றார். நியாயமான பெருமைதான்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தீங்களா?"

"கட்டில் மாறினதைச் சொன்னா, பட்டை ஏன் கம்பில இருக்குன்னு கேப்பாங்க. நாப்பது கட்டில் மேடம். இன்னைக்குன்னு பாத்துக் குழு வேற வந்திருக்கு." சிஸ்டர் கிண்ணங்களை எடுத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

*

கூட்ட அறையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். கழுத்தில் டை, காதில் மைக். எதிரே மதிப்பீட்டுக் குழுவினர் மூன்று பேர்.

"இங்கே ஒவ்வொரு முதியவரையும் நாங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்," என்று சொல்லித் திரையைப் பார்த்தார். முதியவர்கள் எதிர்ப்பக்கத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "உதாரணத்துக்கு, பதினைந்தாம் கட்டில். நினைவாற்றல் சரிந்து, மறதிப் பிரிவின் வாசல்வரை போனவர். பன்னிரண்டே நாளில் ஐந்துக்கு ஐந்து. எடை பத்துக் கிலோ கூடியிருக்கிறது. இது பராமரிப்பின் வெற்றி."

குழுவின் தலைவி கைதட்டினார். கூட இருந்த இருவரும் தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த மகளுக்கு, அந்த வெற்றியின் இடுப்பளவு முப்பத்தெட்டு என்பது தெரியும். சொல்லக் கை தூக்கினாள். இயக்குநர் சிரித்த முகம் மாறாமல் அவளை வெளியே அழைத்துவந்து, மென்பொருள்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்.

மென்பொருள்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கட்டில் மாறினா, சிஸ்டத்துல கட்டில் மாற்றம்னு ஒரு பக்கம் இருக்கு மேடம். அதுல போட்டிருக்கணும்."

"போடலையே."

"போடலைன்னா மாறலை."

"நான் நேர்ல பாத்துட்டு வரேன் சார். எங்கப்பா பதினைஞ்சுல உக்காந்திருக்கார்."

"நீங்க பாத்தது உண்மையா இருக்கலாம் மேடம். ஆனா சேவ் ஆனதை அழிக்க முடியாது. அதான் இதோட சிறப்பே. வேணும்னா ஒரு குறிப்பு சேக்கலாம். மூணு வேலை நாள் ஆகும்."

"மூணு மணிக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

"அப்ப சம்மதத்தை ரத்து பண்ணணும். போட்டவர் நேர்ல வந்தா உடனே பண்ணிடலாம்."

"அவர் போன்லதானே போட்டார்?"

"போடறது போன்ல போடலாம் மேடம். எடுக்கறதுக்குத்தான் நேர்ல வரணும். பாதுகாப்பு."

*

தாழ்வாரத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா இளைக்கவே இல்லை. இடுப்பு முப்பத்தெட்டு இன்ச்."

"யார் இடுப்பு?"

"அப்பா இடுப்பு. இப்பதான் டேப் வெச்சு அளந்தேன்."

"ஏம்மா, அங்க எடை மெஷின் இருக்கு, டாக்டர் இருக்கார், சிஸ்டம் இருக்கு. நீ டேப்பைத் தூக்கிட்டு வந்து..." சிரித்தான். "பன்னிரண்டு நாள் தரவு ஒரு பக்கம், உன்னோட ஒரு அளவு ஒரு பக்கம். ஒரே ஒரு சாம்பிளை வெச்சு முடிவுக்கு வரக்கூடாது."

"நமக்கு இருக்கறதே ஒரு அப்பாதாண்ணா."

அந்தப் பக்கம் அண்ணி குரல் தூரத்தில் கேட்டது. "என்னவாம்? கேளுங்க, அவ பாவம் அங்க தனியா..."

"கட்டில் மாறிப் போச்சுண்ணா. பக்கத்து ஆளோட கோட்டை நம்ம அப்பா கோடுன்னு காட்டுது. நீ வந்து ரத்துன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இங்க பாரு. அப்பாவுக்கு இப்படி ஆனதை ஏத்துக்க முடியாம மனசு காரணம் தேடும். அதுக்கு ஒரு பேர் இருக்கு. நான் கிளாஸே எடுக்கறேன். நீ கொஞ்சம் தண்ணி குடி."

குழாய் பக்கத்திலேயே இருந்தது. அவள் குடிக்கவில்லை.

*

பகல் சாப்பாடு முடிந்திருந்தது. சலூன்காரர் புதுச் சட்டையோடு பதினாலாம் கட்டிலில் உட்கார்ந்து, ரேசரைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் குழுக்காரங்ககிட்டயே நேரா சொல்லப்போறேன். நீங்க ரெண்டு பேரும் கட்டில் மாறினதை."

அப்பா சலூன்காரரைப் பார்த்தார். "யோவ், நுரைக் கிண்ணத்தை அலம்பவே இல்லையே. போய் அலம்பிட்டு வாய்யா."

அவர் எழுந்து போனார். குழாய்ச் சத்தம் கேட்டதும் அப்பா சொன்னார்: "சொல்லாதே."

"என்னப்பா?"

"தெரியாம மாறலை. தெரிஞ்சுதான் மாறினேன். ஜன்னல் வேணும்னு சொன்னதெல்லாம் சும்மா. பஸ்ஸை வேலைல பாத்தது போதாதா எனக்கு?"

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டை பாதியில் நின்றது.

"அவருக்கு ஆறு நாளா அஞ்சுக்கு ஒண்ணு, அஞ்சுக்கு ரெண்டுன்னு போயிட்டிருந்தது. ஏழாம் நாளும் போச்சுன்னா மறதிப் பிரிவுக் கதவுக்கு அந்தப் பக்கம். அங்க கண்ணாடி கிடையாது. பிளேடு கிடையாது. ரேசரைத் தொட விட மாட்டாங்க. அந்த மனுஷனுக்கு மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்மா. அதான் அவர் கட்டில்ல நான் உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு பேரைக் கேட்டுச்சு. அவர் பேரைச் சொன்னேன். கிழமை கேட்டுச்சு. சொன்னேன். தலையை நிமிர்த்தவே இல்லை அது."

"அப்ப உங்க கட்டில்ல உக்காந்து அவர் சொல்ற பதில் உங்க பேர்ல ஏறுமே. அதை யோசிக்கலையா?"

"யோசிக்காம என்ன?" அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவருக்கு யாரும் இல்லை. எனக்கு நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. என் கோடு ரெண்டு நாள் இறங்கினா மூணாம் நாள் யாராவது அலறி அடிச்சுக்கிட்டு வந்து நிப்பீங்கன்னு கணக்குப் போட்டேன். வந்ததும் உங்ககிட்ட சொல்லி, ஏதாவது வழி பண்ணலாம்னு."

கீழே ஒரு பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"டைம் கீப்பரா இருந்தவன். இவ்வளவு லேட் ஆகும்னு நான் எதிர்பாக்கலை."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பதினெட்டாம் நம்பரைச் சொன்ன அதே குரல்தான். மகள் தலையைக் குனிந்துகொண்டு, மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள்.

*

மூன்று மணிக்குச் சக்கர நாற்காலி வந்தது. மறதிப் பிரிவின் உதவியாளர் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே இயக்குநர், அவருக்குப் பின்னால் குழு. இடமாற்றம் எவ்வளவு சுமுகமாக நடக்கும் என்பதை நேரில் காட்ட இயக்குநருக்கு ஆசை.

உதவியாளர் பதினாலாம் கட்டில் கம்பியை ஸ்கேன் செய்தார். பீப். அதில் உட்கார்ந்திருந்த சலூன்காரரின் தோளைத் தொட்டார்.

"வாங்க ஐயா, போலாம்."

"எங்க?"

"வேற ரூமுக்கு. நல்ல ரூம்."

"ரேசரை எடுத்துக்கறேன்."

"அதெல்லாம் அங்க வேணாங்கய்யா. இப்படிக் குடுங்க."

சலூன்காரர் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரேசரை இரண்டு கையாலும் மூடி மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்தார்.

மகள் ஒரு அடி முன்னால் வந்தாள். குழுவின் தலைவி திரும்பி, "என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?" என்றார். அவளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். கட்டில் மாறிவிட்டது. பட்டைகளைப் பாருங்கள். சொன்னால் அப்பா இங்கேயே இருப்பார். சலூன்காரரை அதே நாற்காலியில், இன்றில்லாவிட்டால் நாளைக்கு, சொந்தப் பெயரிலேயே கூட்டிப் போவார்கள். சொல்லாவிட்டால் இப்போதே, அப்பாவின் பெயரில்.

வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

ஜன்னல் பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்தார். பதினாலாம் கட்டில் கம்பியிலிருந்த பட்டையை அவிழ்த்தார். இடது மணிக்கட்டில் சுற்றினார். ஒரு கையால் கொக்கி போட முடியவில்லை. மகளிடம் நீட்டினார்.

"போட்டு விடும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் கொக்கி தைத்த விரல். இந்த ஒன்றைப் போட வெகு நேரம் ஆனது.

"நீங்க பதினைஞ்சுல இருந்து வரீங்களேய்யா," என்றார் உதவியாளர்.

"ஸ்கேன் பண்ணிப் பாருப்பா."

பீப்.

"உங்க பேர் சொல்லுங்க."

அப்பா தன் பெயரைச் சொன்னார், பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. திரையில் பச்சை விழுந்தது. அந்த அறையிலிருந்து அந்தப் பன்னிரண்டு நாளில் ஏறிய ஒரே சரியான பதிவு அதுதான்.

"ஒத்துழைப்பைப் பார்த்தீர்களா?" என்றார் இயக்குநர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. கம்பியில் ஏன் பட்டை என்று யாரும் கேட்கவில்லை. பட்டை இப்போது கையில் இருந்தது. குழுவின் தலைவி கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பேனாவால் குறித்துக்கொண்டார்.

தாழ்வாரத்தின் கடைசியில் எண் பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவு. அதுவரை மகள் நாற்காலியின் கூடவே நடந்தாள்.

"ஏம்பா இப்படிப் பண்றீங்க?"

"எனக்கு அங்கயும் கிழமை தெரியும்மா. அது எங்கயும் போகாது. அவர் கைல இருக்கறது போயிடும்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நீ வந்து அவர் பக்கத்துல நில்லு. அந்தப் பொண்ணு கேக்கும்போது மெதுவா எடுத்துக் குடு. யார் சொல்றாங்கன்னு பாக்காது அது."

கதவு திறந்தது, மூடியது. சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்து அணைந்தது.

திரும்பி அறைக்கு வந்தபோது குழு இன்னும் போகவில்லை. தலைவி, பதினைந்தாம் கட்டிலுக்கு வந்துவிட்ட சலூன்காரரை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்துக் கிலோ கூடினவர் இவர்தானா? பாத்தா தெரியலையே!"

"உள்ளுக்குள்ள கூடியிருக்கும்," என்றார் இயக்குநர்.

"இவரை நாங்க நேர்லயே கேட்டுப் பாக்கணும். நாளைக்குக் காலைல ஏழு மணி ரவுண்டுக்கே மூணு பேரும் வந்துடறோம்."

தாராளமாக என்றார் இயக்குநர். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*

நாலு இருபதுக்குச் செல்போன் அதிர்ந்தது. பெரியவன் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். மறதிப் பிரிவில் சேர்க்கும்போது கேட்கும் பத்துக் கேள்விகளின் முடிவு. பத்துக்குப் பத்து. பன்னிரண்டு நாளாகக் கவிழ்ந்து கிடந்த கோடு, ஒரே தாவலாகத் தாவிப் படத்தின் மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? ஒன்றரை மணி நேரம்கூட ஆகலை!" என்று எழுதியிருந்தான். "இதுக்குத்தான் சரியான நேரத்துல சரியான முடிவு எடுக்கணும்ங்கறது."

அண்ணி கைதட்டும் படம் இரண்டு போட்டிருந்தாள்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. "இவ்வளவு நல்லா வேலை செய்யற ட்ரீட்மென்ட்டை நடுவுல நிறுத்தறது முட்டாள்தனம். ஆறு மாசத்துக்கு நீட்டிக்கலாமான்னு செயலி கேட்டுச்சு. விரலை வெச்சுட்டேன்."

அவள் ஏதோ தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். அதையும் அழித்துவிட்டு, செல்போனைப் பையில் போட்டுச் சலூன்காரரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு இன்னும் பதினைந்து மணி நேரம்கூட இல்லை. காதோரம் எடுத்துக்கொடுக்க முடியாது, மூன்று பேர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"மாமா, இன்னைக்குப் புதன்கிழமை. சொல்லுங்க."

"புதன்கிழமை."

"அப்ப நாளைக்கு என்ன?"

சலூன்காரர் யோசித்தார். கீழே பதினெட்டாம் நம்பர் வந்து நின்றது. அதைப் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்து, மடியிலிருந்த ரேசரை எடுத்து அவளிடம் காட்டினார்.

"நாளைக்கா? நாளைக்குக் காலைல உங்கப்பாவுக்கு ஷேவ் பண்ணணும்."